மேக்கே மழையைப் பாடியது அவள்தான்

பேண்டேஜ் துணிக் கட்டுகளுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு என் சித்தி மகள் நின்ற நிற்புதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. ராஜபாளையத்துக்கு வெளியே, சத்திரப்பட்டி போகிற சாலையில், என் நண்பர் ஒருவருக்குச் சொந்தமான கிட்டங்கி அது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் வெள்ளைத் துணியைக் கட்டுக் கட்டாகக் கூரை வரை அடுக்கியிருப்பார்கள். அந்தத் துணி சத்தத்தை அப்படியே குடித்துவிடும். உள்ளே நின்று கைதட்டினால் தட்டிய இடத்திலேயே அடங்கிப் போகும், எதிரொலி என்ற பேச்சே கிடையாது. சென்னையில் ஒலிப்பதிவுக் கூடம் கட்டுகிறவர்கள் இதற்காகச் சுவரில் எதை எதையோ ஒட்டுகிறார்கள். எங்கள் ஊரில் அது சும்மா அடுக்கிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துத் தறிகள் ஓடாது. அந்த நாட்களில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தோம். வியர்த்து வழியும் அவள் முகத்தில் பஞ்சுத் தூசி ஒட்டிப் புருவமெல்லாம் வெளுத்திருக்கும். பாடி முடித்ததும் கண்ணைத் திறந்து, "எப்படி இருக்குண்ணே?" என்பாள். "கொஞ்சம் கரகரப்பு" என்பேன். "அது என் கரகரப்புல்லாண்ணே. அது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடுவாள்.

அந்த ஆல்பத்தின் பெயர் 'மேக்கே மழை'. ஆறு பாட்டையும் பாடியது அவள்தான், வேறு யாருமில்லை. கடைசியில் சொல்ல வேண்டியதை எடுத்த எடுப்பிலேயே ஏன் போட்டு உடைக்கிறேன் என்றால், சொல்ல வேண்டிய நேரத்தில் இதைச் சொல்லாமல் இருந்தவன் நான். இப்போது சொன்னால் காதில் வாங்க ஆளில்லை. எழுதியாவது வைப்போம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ராஜபாளையத்தில் நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். கோயில் கொடை, கல்யாணம், பள்ளிக்கூட ஆண்டு விழா, கட்சிக் கூட்டம் என்று இருபத்தைந்து வருடம் மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தே காலம் போய்விட்டது. மேடையில் இருப்பவரைக் கூட்டத்துக்குத் தெரியும். எங்களை யாருக்கும் தெரியாது. மைக் கூவினால் மட்டும் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பும். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது மேடையில் பாடப் போகிறார் என்றால், குரல் இல்லாமல் இசை மட்டும் உள்ள டிராக்கை ஓட விடுவோம். மைனஸ் என்று அதற்குப் பெயர். கூடவே, குரலும் சேர்ந்த முழுப் பாட்டை இன்னொரு வழியில், சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து, அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்போம். ஆண்டு விழாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாவது வரியில் திகைத்து நின்றுவிட்டால், அதன் மைக் சத்தத்தை மெல்ல இறக்கி முழுப் பாட்டை மெல்ல ஏற்றிவிடுவோம். பிள்ளை வாயை அசைத்துக்கொண்டே நிற்கும், தாயும் தகப்பனும் உச்சி குளிர்ந்து கைதட்டுவார்கள். தூக்கி விடுகிறது என்று இதைச் சொல்வோம். பிள்ளைகளை மட்டுமா? தலைமை ஆசிரியைகளை, பெரிய அதிகாரிகளின் வீட்டம்மாக்களை, பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்க வந்த ஒரு வேட்பாளரைக்கூடத் தூக்கி விட்டிருக்கிறேன். யாரும் நன்றி சொன்னதில்லை. தெரிந்தால்தானே சொல்வார்கள். என் மேடையிலிருந்து ஒருத்தரும் அசிங்கப்பட்டு இறங்கியதில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. நடந்ததற்கெல்லாம் காரணம் அந்தக் கர்வம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

சித்தி மகளுக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். சித்தி வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். சித்தப்பா போலீஸில் ஏட்டாக இருந்தவர், அவள் கல்லூரியில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். படிப்பை முடித்ததும் அவள் சென்னைக்குப் போனாள். யார் யாரையோ பார்த்து, எத்தனையோ படி ஏறி இறங்கி, ஒரு தொலைக்காட்சித் தொடரில் இரண்டாவது மருமகளாக இடம் பிடித்தாள். யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுகிற மருமகள். நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது அந்தத் தொடர். சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் பக்கத்தில் அவள் அழுது முடிக்கும் வரை யார் வீட்டிலும் சோறு கிடையாது. ஆனால் அதில் வந்த குரல் அவளுடையது அல்ல. சென்னையில் ஒரு அம்மா டப்பிங் பேசினார். சன்னமான, மெத்தென்ற குரல். இவளுக்கோ கனத்த குரல், அடித்தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு. போதாக்குறைக்கு எங்கள் ஊர்ப் பேச்சு. முதல் நாள் படப்பிடிப்பிலேயே, "நீ உதட்டை மட்டும் சரியா அசைம்மா, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார்களாம். நடிக்கக் கிடைத்ததே பெரிது என்று அவளும் தலையாட்டியிருக்கிறாள்.

ஊருக்கு வந்தால் அவளைச் சுற்றிக் கூட்டம் கூடும். படமெடுத்துக்கொள்வார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள். அவள் வாயைத் திறந்ததும் முகம் சுருங்கிப் போவார்கள். "டிவில பேசுவியே, அந்த மாதிரி ஒரு வார்த்தை பேசேன் தாயி" என்பார்கள். ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கப் போன இடத்தில் ஒரு அம்மா அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, அவள் கடைக்காரரிடம் பேசியதைக் கேட்டதும், "அந்தப் பிள்ளை இல்லட்டி இது. அவ சாடையில இருக்கா, அம்புட்டுத்தான்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிவிட்டுப் போனாராம். முதல் தடவை இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகொரு நாள் என் கடையில் உட்கார்ந்து அதையே மறுபடி சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நாலு வருசமா நான் வாயைத் தொறக்கேன், யாரோ பேசுதாங்க. எனக்குன்னு ஒரு சத்தம் இருக்குன்னு இந்த ஊருக்கே தெரியாதுண்ணே" என்றாள்.

ஆல்பம் அந்தப் பேச்சிலிருந்துதான் பிறந்தது. பாட்டுகளை அவளே எழுதினாள். தளவாய்புரத்து இளைஞர் ஒருவர் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இசையமைத்தார். மேற்கே மலையில் மேகம் கருத்து நின்றால் எங்கள் பக்கத்தில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி பெண்கள் குரல் கொடுப்பார்கள். "மேக்கே மழை இறங்கிருச்சு, துணியை எடுங்கட்டி" என்று ஒரு வீட்டில் ஆரம்பித்தால் அது தெருக்கோடி வரை போகும். அந்தக் கூப்பாட்டையே எடுத்து, அதற்கு ஒரு தாளத்தைக் கட்டி, கால் சும்மா இருக்க விடாத ஒரு பாட்டாக ஆக்கிவிட்டாள். அதுதான் தலைப்புப் பாட்டு. அவள் குரலுக்கு அந்தக் கரகரப்பு எதற்காக இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. மாடியிலிருந்து கூப்பிடுகிறவளின் தொண்டை அப்படித்தான் இருக்கும். பாட்டுகளை வெளியிட ஒத்துக்கொண்ட சென்னைக் கம்பெனிக்காரர்கள், கரகரப்பை மெஷினில் வழித்து எடுத்துவிடலாமே என்று கேட்டார்கள். முடியாது என்றுவிட்டாள். அப்படியே வெளியே வந்தது.

சென்னை, கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிற சிறுபிள்ளைகளுக்குப் பாட்டு பிடித்திருந்தது. போனில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். எங்கள் ஊரிலும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "பாட்டு அருமையா இருக்கே, யாரு பாடினது?" என்றார்கள். அட்டையில் அவள் படம், அவள் பெயர், எல்லாம் இருந்தும் அதே கேள்வி. அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. நான்கு வருடம் வீட்டுக்குள் வந்து அழுதவளின் குரல் அவர்களுக்கு மனப்பாடம். இது அந்தக் குரல் இல்லை. ஒரு நாள் என் கடைக்கு வந்து, "ராஜபாளையத்துல ஒரு மண்டபம் பிடிங்கண்ணே. நம்ம ஆளுக முன்னாடி நேர்ல நின்னு பாடிருதேன். ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா பொறவு எவன் கேப்பான்?" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். புகழ் என்று சொன்னால் அது ஏற்கெனவே இருந்தது. இது என் குரல் என்று சொந்த ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நிகழ்ச்சி. கல்யாண மண்டபம் நிரம்பி, வாசல் வரை ஆள் நின்றது. எல்லார் கையிலும் போன். காலை எட்டு மணிக்கே வந்து மைக்கைச் சோதித்துப் பார்த்தாள். கிளம்பும்போது சத்தத்தை ஏற்றி இறக்கும் என் மிக்ஸர் பக்கம் வந்து நின்று, "மைனஸ் மட்டும் போடுங்கண்ணே. முழுப் பாட்டைக் கையிலேயே வச்சுக்கிடாதீங்க. திக்கினாலும் திணறினாலும் அது நானா இருக்கட்டும்" என்றாள். "சரிட்டி" என்றேன். சொன்னது சொன்னபடி செய்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. அவள் உடை மாற்றப் போனதும், வழக்கமான கை வழக்கமான வேலையைச் செய்தது. பென் டிரைவைச் செருகி, ஆறு முழுப் பாட்டுகளையும் இரண்டாவது வழியில் தயாராக வைத்தேன். அவள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுமே என்று நினைத்தேன். நம்பிக்கை இருக்கிறவனுக்குப் பாதுகாப்பு எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதல் பாட்டை நன்றாகப் பாடினாள். கூட்டம் அரைமனதாகக் கைதட்டியது. "டப்பிங் அம்மா வரலையா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, நாலு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டாள். இரண்டாவது, தலைப்புப் பாட்டு. முதல் சரணம் முடிந்து இடையில் இசை மட்டும் ஓடியபோது, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த சித்தி எழுந்து நின்றுவிட்டாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுகை. தொடரில் மகள் அழுததை எல்லாம் பார்த்தவள், மகளுடைய குரலை இத்தனை பேர் நடுவில் கேட்டது அன்றுதான். பின்னால் இருந்தவர்கள், "மறைக்காதம்மா, உக்காரு" என்று சத்தம் போட்டார்கள். இரண்டாவது சரணம் வந்துவிட்டது. மேடையில் அவள் பாடவில்லை. தாளம் ஒரு சுற்று போனது, இன்னொரு சுற்று போனது. அவள் வாய் மூடியிருந்தது, கண் கீழே எங்கேயோ இருந்தது. உடைந்துவிட்டாள் என்று நினைத்தேன். மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை. அவள் மைக்கை இறக்கினேன், முழுப் பாட்டை ஏற்றினேன்.

மண்டபம் முழுக்க அவள் குரல் நிறைந்தது. கிட்டங்கியில் பஞ்சுத் தூசிக்கு நடுவில் பாடிய அதே குரல். அதே நேரத்தில் அவள் மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், "அம்மா, உக்காரும்மா. அழாத" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் உடையவே இல்லை. அம்மாவை உட்கார வைத்துவிட்டு அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளலாம் என்று நிறுத்தியிருக்கிறாள். இறக்கி வைத்த மைக்கில் அந்தப் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், வாய் ஒன்று பேசுகிறது, குரல் வேறொன்று பாடுகிறது. முதலில் ஒரு மூலையில் சிரிப்பு எழுந்தது. பிறகு மண்டபமே சிரித்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. இது எப்படி நடந்தது என்று புரியாத ஒரு பார்வை. நான் பதறிப்போய் முழுப் பாட்டைச் சட்டென்று வெட்டி அவள் மைக்கை ஏற்றினேன். ஏற்றிய வேகத்தில் அது கூவியது. அந்தக் கூவலுக்கு நடுவே அவள் விட்ட வரியைப் பிடித்துப் பாடப் பார்த்தாள். அப்போதுதான், அந்த ஒரு வரியில்தான், அவள் குரல் நிஜமாகவே உடைந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட கூட்டத்துக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நிகழ்ச்சி அதோடு நின்று ஆட்கள் கலைந்துகொண்டிருக்கும்போது, எனக்கு வருடா வருடம் ஆண்டு விழா வேலை கொடுக்கிற ஒரு பள்ளித் தாளாளர் வந்து என் முதுகில் தட்டினார். "நல்லவேளை, நீரு சமயத்துல தூக்கி விட்டீரு. இல்லாட்டி இன்னும் கேவலமாப் போயிருக்கும்" என்றார். அவளுக்குப் பாட வராது என்று அவர் முடிவே செய்துவிட்டார். இல்லை ஐயா, தப்பு என்னுடையது, அந்தப் பிள்ளை நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் தலையாட்டினேன். நன்றி என்றுகூடச் சொன்னேன் என்று ஞாபகம். உடை மாற்றும் அறையில் அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "முழுப் பாட்டை எதுக்குண்ணே வச்சிருந்தீங்க?" என்றாள். சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்றேன். "யாருக்கு?" என்றாள். நான் ஒயர்களைச் சுருட்டப் போய்விட்டேன்.

வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தக் காட்சி போன்களில் ஓட ஆரம்பித்துவிட்டது. மேடையில் மாட்டிக்கொண்ட நடிகை என்று தலைப்பு வைத்திருந்தார்கள். மறுநாள் காலை அவள் எனக்குப் போன் செய்தாள். "நீங்க ஒரே ஒரு வீடியோ பேசிப் போடுங்கண்ணே. என்ன நடந்துச்சுன்னு உள்ளது உள்ளபடி சொல்லுங்க. நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ. மைக் செட்டுக்காரர் சொன்னா நம்புவாவ" என்றாள். செய்கிறேன் என்றேன். அன்றைக்குச் செய்யவில்லை, மறுநாளும் செய்யவில்லை. அது கொடை சீசன். வரிசையாக ஏழெட்டு ஊர்களில் வேலை ஏற்றிருந்தேன். சொன்ன பேச்சை மீறி மேடையில் இருக்கிறவர் பாட்டை மாற்றிப் போடுகிறவன் என்று பெயர் வந்தால் எந்தக் கமிட்டி என்னைக் கூப்பிடும் என்று யோசித்தேன். அதோடு, இத்தனை வருடம் நான் தூக்கி விட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள், அதிகாரி வீட்டம்மாக்கள் எல்லாருடைய கைதட்டலும் பொய் என்று ஆகிவிடுமே என்றும் தோன்றியது. பத்து நாளில் ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதெல்லாம் சாக்கு. பயந்தேன், அவ்வளவுதான். மூன்று முறை அவள் போன் செய்தாள். மூன்று முறையும் சரி, சரி என்றேன். நான்காவது முறை அவள் போன் வரவில்லை.

நாற்பது நாள் கழித்து வீடியோ பேசிப் போட்டேன். கையெடுத்துக் கும்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அதற்குள் நான் அவளுடைய பெரியம்மா மகன் என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். "சொந்தக்காரன் முட்டுக் குடுக்கான்" என்று முதல் ஆளே எழுதினான். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. அப்படியானால் இதைக் கேளுங்கள் என்று கிட்டங்கியில் பதிவு செய்ததை எடுத்துப் போட்டேன். இசை இல்லாத வெறும் குரல். பாட்டுக்கு நடுவில் அவள் இருமுவது, சிரிப்பது, என்னிடம் தண்ணீர் கேட்பது எல்லாம் அதில் இருந்தது. இதைக் கேட்டால் கல்லும் நம்பும் என்று நினைத்தேன். இந்தக் காலத்தில் எந்தக் குரலையும் ஏஐ வைத்துச் செய்துவிடலாம், இருமல் வைப்பது பெரிய வித்தையா என்று கேட்டார்கள். தொடரில் அவளுக்கு டப்பிங் பேசிய அந்தச் சென்னை அம்மாதான் ஆல்பத்திலும் பாடினார் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. பாவம், அந்த அம்மாவே முன்வந்து, நான் பாடவில்லை, இது என் குரலே இல்லை என்று சொல்லிப் பார்த்தார். அவரை மிரட்டிச் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்றார்கள். இதற்கு மேல் யாரிடம் போய் எதைக் காட்டுவது?

தொடரில் இரண்டாவது மருமகள் ஒரு வெள்ளிக்கிழமை சாலை விபத்தில் இறந்துபோனாள். சனிக்கிழமை அவள் படத்துக்கு மாலை போட்டு, மற்றவர்கள் சுற்றி நின்று அழுதார்கள். ஏன் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. வேறு இரண்டு இடத்தில் கூப்பிட்டுவிட்டு, பிறகு சொல்கிறோம் என்றார்களாம். சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு மடவார் வளாகத்துக்கே வந்துவிட்டாள். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஆல்பம் இன்னும் போனில் கிடைக்கிறது. மழைக்காலத்தில் யாராவது எடுத்துக் கேட்கிறார்கள். அதன் கீழே, பாடியது யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள் என்று இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிவந்தேன். போன வருடத்தோடு அதையும் விட்டுவிட்டேன்.

ஒரு தடவை சித்தியைப் பார்க்கப் போயிருந்தபோது, அந்தக் கிட்டங்கிப் பதிவை என் போனிலிருந்து சித்தி மகளுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். எப்போதும் ஏதாவது செய்து சரிக்கட்டப் பார்க்கிற புத்தி எனக்கு. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. பாட்டு முழுவதையும் கேட்டாள், இருமலையும் சிரிப்பையும் கேட்டாள். "நல்லாத்தான் பாடுதா, அந்தப் பிள்ளை" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. வெளியூரிலிருந்து வந்த யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதைப் போல, ஒரு வருத்தமும் இல்லாமல் சொன்னாள். ஊர் நம்பவில்லை என்பதையாவது தாங்கிக்கொள்ளலாம். நான் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, சித்தியிடம் சொல்லாமலே கிளம்பி வந்துவிட்டேன்.

இந்தப் புரட்டாசியில் மூன்றாவது சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலையில் எனக்கு வேலை. மலை மேல் பெருமாளைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு அடிவாரத்தில் நின்று அறிவிப்புச் செய்ய வேண்டும். பிள்ளையைத் தொலைத்தவர்கள், பையைத் தவறவிட்டவர்கள், கூட வந்தவரைக் காணாதவர்கள் எல்லோரும் என் பந்தலுக்குத்தான் வருவார்கள். காலை பத்து மணி இருக்கும். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "அம்மாவைக் காணும்ணே. செத்த நேரம் இங்கன நில்லும்மான்னு சொல்லிட்டுச் செருப்பு விடப் போனேன். வந்து பார்த்தா ஆளைக் காணும். கையில போனும் இல்ல" என்றாள். சித்திக்கு இப்போது கொஞ்சம் ஞாபக மறதி, முட்டியிலும் வலி. அத்தனை கூட்டத்தில் எங்கேயாவது விழுந்துவிட்டால் தெரியாது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. "இந்தா, நீயே கூப்பிடு. உன் சத்தம் கேட்டா சித்தி எங்க நின்னாலும் வந்திரும்" என்று மைக்கை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டாள். வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். நான் வால்யூமை ஏற்றினேன். அவள் மூச்சு மலையடிவாரம் முழுக்கக் கேட்டது. அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. மிக்ஸர் மேல் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்தேன். இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை விரித்து அவளுக்குக் காட்டினேன். "மைக் மட்டுந்தாண்டி ஓடுது. வேற ஒண்ணும் இல்ல. பெருமாள் மேல சத்தியமா வேற ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் உதடு பிரிந்தது. அம்மா என்று சொல்ல வேண்டிய வாய், அசைந்தது. சத்தம் வரவில்லை. இன்னொரு முறை அசைந்தது. வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மைக்கை என் மேஜையில் வைத்துவிட்டாள். "நீங்களே கூப்பிடுங்கண்ணே" என்று மெதுவாகச் சொன்னாள்.

நானே கூப்பிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து வந்திருக்கும் அம்மா, உங்கள் மகள் அறிவிப்புப் பந்தலில் உங்களுக்காகக் காத்திருக்கிறார் என்று, தினமும் ஆயிரம் தடவை சொல்கிற அதே தொனியில், பெயரையும் சேர்த்து, ஐந்தாறு முறை சொன்னேன். அரை மணி நேரம் கழித்து யாரோ ஒரு பெண் சித்தியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். எங்கேயும் போகவில்லை, பந்தலுக்கு எதிரே, கூட்டம் மறைத்த ஒரு மரத்தடியில்தான் இருந்திருக்கிறாள். "ஏலே, அம்புட்டு நேரமும் அந்தா அங்கனதான் நிக்கேன். நீ பாட்டுக்கு யாரையோ கூப்பிட்டுக்கிட்டு இருக்கன்னுல்லா நெனச்சேன்" என்றாள் என்னிடம். பிறகு மகள் பக்கம் திரும்பி, "ஏட்டி, நீ ஒரு சத்தம் குடுத்திருந்தா அப்பமே வந்திருப்பேனே. உன் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்றாள். அவள் குனிந்து சித்தியின் சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுத்த அறிவிப்புச் சீட்டை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன்.